கட்டார்க் கத்தி

அதைக் கத்தி என்று சொன்னால் இஸ்ஸதீன் நானாவுக்குக் கோபம் வரும். வெட்டுகிற வாயே இல்லாத சாமானைக் கத்தி என்று சொல்லலாமா என்று நியாயம் கேட்பார். கேட்டுவிட்டு மறுநாள் தானும் மறந்துபோய், "அந்தக் கத்தியைக் கண்டியளோ?" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அது கட்டார்க் கத்திதான். உள்ளங்கைக்குள் அடங்கும், மடித்தால் தேய்ந்த சவர்க்காரக் கட்டி அளவு. விரித்தால் உள்ளே இருந்து ஒவ்வொன்றாக வரும். ஆறுமூலை ஆணி திருகுகிற எலன் கீ நாலைந்து, சின்னக் குறடு ஒன்று, வில்லின் நாணுக்கு நூல் சுற்றுவதற்கு ஒரு கொக்கி, அம்புமுனையைக் கையை வெட்டிக்கொள்ளாமல் பிடித்துக் கழற்ற நடுவில் ஓட்டை வைத்த ஒரு தகடு. வில்லோடு வெளியில் திரிகிறவர்களுக்கு, போன இடத்தில் ஏதாவது கழன்றால் வீட்டுக்கு ஓடிவராமல் அங்கேயே பூட்டிக்கொள்வதற்காகச் செய்ததாம்.

நான் இதை இவ்வளவு விபரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஒரு ஆளைக் கீறுகிற அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. இதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

நானாவின் தம்பி அஹ்ஸன் கட்டார் நாட்டில் வில் எய்து பழகும் கழகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தான். அங்கே பழகிய வெள்ளைக்காரன் ஒருவன் தன் ஊருக்குப் போகும்போது இதையும் நாலு இரும்பு அம்புமுனைகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அஹ்ஸன் அவற்றைச் சவரப் பெட்டிக்குள் போட்டு லீவில் வரும்போது அண்ணனுக்குக் கொண்டுவந்தான். வில்லைக் கொண்டுவரவில்லை. வீடு இல்லாதவனுக்குத் திறப்புக் கோர்வை கொடுத்த மாதிரி என்று நான் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. இரண்டு கிழமையாக அதை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்துவிட்டு, பிறகு கமுகஞ் சிலாகை இரண்டைச் சேர்த்து நைலோன் கயிற்றால் வரிந்து, ஆள் உயரத்துக்கு ஒரு வில் கட்டினார். மற்றவர்கள் வில்லுக்குச் சாமான் தேடுவார்கள். இந்த மனிதர் சாமானுக்கு வில் தேடினார்.

விளையாட்டுக்குச் செய்தது என்று நினைக்காதீர்கள். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. செட்டிகுளத்துக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே எங்கள் வயல்கள். நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். நானா குடும்பம் முல்லைத்தீவிலிருந்து மற்ற முஸ்லிம் ஆக்களோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் கிடந்து, கடைசியில் எங்கள் வேலியோடு வந்து சேர்ந்தது. கதிர் தள்ளுகிற நேரம் காட்டுப்பன்றி இறங்கினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அழிவுதான். முன்பு துவக்கு இருந்தது, அதை ஆமிக்காரர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெங்காய வெடி கொளுத்திப் போடுவோம், அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வயலுக்குள் வெடிச் சத்தம் கேட்டால் சென்றிக் காவலில் நிற்கிறவன் சத்தம் வந்த பக்கம் சுடுவான், பன்றியா மனுசனா என்று பார்க்கமாட்டான். வில்லுக்குச் சத்தம் இல்லை. அதனால்தான் வில்.

சத்தமில்லாத ஆயுதம் வீட்டில் இருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று எங்களுக்கும் தெரியும். நாணைக் கழற்றிவிட்டால் அது தேங்காய் பறிக்கிற தடி மாதிரித்தான் இருக்கும். அப்படியே நானா வீட்டு முகட்டில் செருகிக் கிடக்கும். வில் என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. பன்றி விழுந்தால், "நானா வயலுக்குப் போனவர்" என்று மட்டும் லதீபா சொல்லுவா.

லதீபா நானாவின் மனைவி. என்னைவிட இளையவள், ஆனால் வாய் என்னைவிட மூத்தது. பன்றி விழுந்தால் நானா அதன் பக்கத்திலும் போகமாட்டார், வரம்பில் நின்று என் மனுசனைக் கூப்பிடுவார். என் மனுசன் யோகலிங்கம் கட்டார்க் கத்தியோடு போய், அம்பு ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தால் முனையைத் தகட்டால் பிடித்துக் கழற்றி, தடியைப் பின்பக்கமாக உருவி எடுப்பார். இருந்தது நாலே நாலு முனை, ஒன்றையும் இழக்கமுடியாது. இறைச்சி எங்களுக்கும் அயலுக்கும், முனை நானாவுக்கு. இரும்பு முனையை நானா எரியும் அடுப்பில் போட்டு எடுத்து ஏதேதோ முறைப்படி கழுவிக்கொள்வார். ஆனால் கட்டார்க் கத்தியை நெருப்பில் போடமுடியாது, உள்ளே சுருளாணி எல்லாம் பிசகிவிடும். பன்றி இரத்தம் பட்ட சாமான் தன் வீட்டுக்குள் வராது என்று லதீபா சொல்லிவிட்டா. அதனால் அது கார்த்திகை மாதத்திலிருந்து எங்கள் குசினித் தட்டில் கிடந்தது. எங்கள் தண்ணீர்ப் பம்பியின் ஆணிகளை இறுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. சந்தோசமாக வைத்திருந்தோம்.

அடுத்து வந்த தை மாதம் றோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. மேற்கே எங்கோ கிளைமோர்க் கண்ணி வெடித்து வாகனம் ஒன்று சிதறியது என்றார்கள். மறுநாள் எங்கள் றோட்டின் இருபக்கமும் பற்றைகளை வெட்டி எரித்தார்கள். வாய்க்கால் றோட்டைக் கடக்கும் மதகுக்கு இந்தப் பக்கம் புதிதாக ஒரு சென்றி வந்தது. சைக்கிளில் போகிறவர்கள் மதகடியில் நிற்கக்கூடாது, ஒன்றும் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் குடியிருப்பில் ஆண்டியப்பன் என்ற தோட்டக்காரர் மதகுக் கட்டில் உரப்பையை வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்தாராம். அவரை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். வந்தவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. இதையெல்லாம் நான் என் மனுசனுக்கு ஒப்புவித்தேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "ஒளிச்சுச் செய்தாத்தான் பிழை, வெளியாலை செய்யிறதுக்கு என்ன?" என்றார். அவருடைய சட்டபுத்தகத்தில் இருந்ததே அந்த ஒரு வரிதான்.

ஒரு மத்தியானம் லதீபா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றா. நாண் பிய்ந்துபோகிறதாம், நூல் சுற்ற நானாவுக்கு அந்தச் சாமான் வேணுமாம். கேட்கச் சொல்லிவிட்டு அவர் வெட்கத்தில் உள்ளே நிற்கிறாராம்.

"தாறன், கொண்டு போ" என்றேன்.

"நல்ல கதை. ஏழு தரம் கழுவவேணும் அக்கா, அதிலை ஒருதரம் மண் போட்டு. இல்லாட்டி அது என்ரை படி ஏறாது."

சொல்லிவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன், உன் வீட்டுப் படியை என் வீட்டுச் சாமான் ஏறாவிட்டால் உன் புருசன் ஏறி வரட்டும் என்றேன். அப்படியே கதை மாறி, சீனி விலைக்குப் போய், யாருடைய மகளுக்கோ சம்பந்தம் வந்ததில் போய் நின்றது. உள்ளே என் மனுசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது ஏழு தரம் என்பது மட்டும்தான்.

இந்த மனிதரை நான் எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் பிடியைத் தேய்த்து எண்ணெய் பூசித்தான் கொடுப்பார். ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்கினால் திருப்பும்போது குவித்துக் கொடுக்கச் சொல்லி என்னோடு சண்டை பிடிப்பார். மற்றவன் வீட்டு முறையை நாங்கள் மதிக்காவிட்டால் எங்கள் முறையை யார் மதிப்பான் என்பார். அதற்காகவே அவரில் எனக்கு அவ்வளவு விருப்பம், அதற்காகவே அவ்வளவு எரிச்சலும்.

மறுநாள் காலையில் கட்டார்க் கத்தியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டேன். மதகடிக்கு என்றார். கிணற்றடியில் கழுவினால் ஆகாதா என்றேன். கிணற்றடி மண்ணில் குறுணி இருக்கிறது, அது மூட்டுகளுக்குள் போனால் சாமான் கெட்டுவிடும், மதகடிக் களி வெண்ணெய் மாதிரி என்றார். அது உண்மைதான். நாங்கள் பெண்கள் எல்லோரும் முன்பு தலைக்கு வைக்க அந்தக் களியைத்தான் எடுப்போம். முன்பு என்றால், சென்றி வர முன்பு.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வாய்க்காலுக்குள் இறங்கி நின்று கழுவியிருக்கிறார். ஒருதரம் மண் போட்டால் போதும் என்று லதீபா தெளிவாகச் சொன்னா. என் மனுசன் ஏழு தரமும் மண் போட்டார். கொடுக்கிற சாமான், குறை இருக்கக்கூடாது. மேல் மண்ணில் வேர் இருந்ததால் மதகுக் கட்டின் அடியில் கையை விட்டுத் தோண்டித் தோண்டி உள்ளே இருந்த நல்ல களியை எடுத்தார். ஏழு பிடி. ஒரு சோற்றுப் பானை வைக்கிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. பிறகு சாமானை விரித்தபடியே மதகுக் கட்டில் காயவைத்துவிட்டு, மேல் வயலில் வரம்பு உடைந்து தண்ணீர் பாய்வதைக் கண்டு அதை அடைக்க ஓடியிருக்கிறார்.

அவர் திரும்பி வரும்போது மதகைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஆமிக்காரர் நாலைந்து பேர் குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருவன் கொழுக்கி கட்டிய நீளக் கயிற்றால் அந்தச் சாமானை இழுத்து விழுத்தினானாம். இதை அவர் குசினி வாசலில் நின்று எனக்குச் சொன்னபோது காலில் சேறு காயவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், பாவங்கள் பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கிறாங்கள் என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடும் முன் றோட்டில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு வரவேண்டுமாம். பெண்கள் வேலியோடு நிற்கலாமாம்.

முற்றத்தில் ஆண்களை வரிசையாக இருத்தியிருந்தார்கள். ஒரு அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவன். அதிகாரியின் கையில் பொலித்தீன் பைக்குள் கட்டார்க் கத்தி. களி ஒட்டி வெள்ளையாகத் தெரிந்தது. இது யாருடையது என்று தமிழ்க்காரன் கேட்டான். அந்தக் கூட்டத்தில் அதைத் தெரியாத ஒரு ஆள் கிடையாது. பாதிப் பேருடைய சைக்கிளை அதுதான் பூட்டிக் கொடுத்தது.

இஸ்ஸதீன் நானா எழும்பினார்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போதே தெரியும். சாமான் எங்கள் வீட்டில் இருந்தது, யோகலிங்கத்தின் மடியிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது, அவருடைய பெயர் வந்துவிடக்கூடாது. அந்த நாளில் ஒரு பொருள் முஸ்லிம் ஆளின் கையில் இருந்தால் நாலு கேள்வி கேட்பார்கள். எங்கள் தமிழ் ஆளின் கையில் இருந்தால் கேள்வி இல்லை, ஏற்றிக்கொண்டு போவதுதான். அந்த நாலு கேள்வியைத் தான் வாங்கிக்கொள்ளலாம் என்று எழும்பினார். அவரை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அந்த எழும்பலுக்காக ஒருநாளும் திட்டமாட்டேன்.

"என்ரை சாமான், ஐயா. தண்ணிப் பம்பி கழட்டிறது. நேற்று றோட்டாலை வரேக்கை நான்தான் விழுத்திப்போட்டன்."

அதிகாரி அதைக் கேட்டு, சாமானைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொன்றாக மடித்தார். வெட்டுகிற வாய் இல்லை என்று பார்த்துக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு உயிர் வந்தது. பிறகு தமிழ்க்காரனிடம் ஏதோ சொன்னார். அவன் திரும்பி, சரி, அப்படியென்றால் மதகுக்குக் கீழே குழி தோண்டியது யார் என்று கேட்டான்.

நானாவுக்குக் குழி என்றே ஒன்று தெரியாது. வரிசையின் நடுவில் என் மனுசன் எழும்பினார். எழும்புவார் என்று எனக்குத் தெரியும். வேலிக் கம்பியைப் பிடித்த கையில் முள் ஏறியது பிறகுதான் தெரிந்தது.

"குழி நான் தோண்டினனான். களி எடுத்தனான், ஐயா. அந்தச் சாமானைக் கழுவ."

அவனுடைய சாமானை நீ ஏன் கழுவுகிறாய் என்றான். பன்றியில் பட்டதென்றும், அவர்கள் பன்றி பட்ட சாமானை ஏழு தரம் மண் போட்டுக் கழுவினால்தான் எடுப்பார்கள் என்றும், திருப்பிக் கொடுப்பதற்காகக் கழுவினேன் என்றும் என் மனுசன் நிதானமாகச் சொன்னார். ஒரு சொல் பொய் இல்லை. தமிழ்க்காரன் அதை மாற்றிச் சொன்னபோது சுற்றி நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. வேலிப் பக்கம் திரும்பி, நானாவின் மனைவி யார் என்று கேட்பித்தார். லதீபா முன்னே போனா. நீ கழுவச் சொன்னாயா என்றார்கள். லதீபா புருசனின் முகத்தைப் பார்த்தா. ஓம் என்றால் நேற்று றோட்டில் விழுந்த கதை பொய்யாகும். பன்றி வரும், பன்றிக்குப் பின்னால் முகட்டில் செருகியிருப்பது வரும். "இல்லை" என்றா. சத்தமே வரவில்லை, தலைதான் அசைந்தது.

தமிழ்க்காரன் என் மனுசனுக்குக் கிட்டே போனான்.

"பம்பி கழட்டிற சாமான் எப்பிடிப் பண்டியிலை பட்டது?"

அதற்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. எனக்குத் தெரியும், நானாவுக்குத் தெரியும், அந்த முற்றத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். என் மனுசன் அதைச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பானையில் சோறு முடிந்துவிட்டால், காட்டிக்கொள்ளாதே என்று ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வை. திறந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அதிகாரிக்கு அந்த மௌனம் போதுமாக இருந்தது.

சாமானை நானாவின் காலடியில் போட்டுவிட்டார்கள். அது அவருடையது என்று அவரே சொல்லிவிட்டார், அதில் ஒன்றும் இல்லை. குழி தோண்டியவன் தானே ஒத்துக்கொண்டான், அவன்தான் அவர்களுக்கு வேணும். ட்ரக்கில் ஏற்றும்போது அவர் செருப்பைத் தேடினார். ஒருவன் எடுத்துக் கொடுத்தான். அதைப் பார்த்து, செருப்பு எடுத்துக் கொடுக்கிறவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டு றோட்டு முடியும்வரை பின்னால் ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் இஸ்ஸதீன் நானா முகட்டிலிருந்து வில்லை எடுத்தார். நாணைப் பூட்டி, தோளில் போட்டு, நாலு அம்புமுனைகளையும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு நடு றோட்டால் முகாமுக்கு நடந்தார். லதீபா தடுக்கவில்லை. நான் தடுக்கவேண்டும் என்று நினைத்தேன். என் மனுசன் வாயை மூடிக்கொண்டு போனது இந்த வில் வெளியே வரக்கூடாது என்றுதானே. ஆனால் நான் தடுக்கவில்லை. எனக்கு என் மனுசன் வேணும், அவ்வளவுதான். போகட்டும், போய்ச் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் லதீபாவும் வேலிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தோம். அடுப்பு மூட்டவில்லை.

வெயில் ஏறும் முன்னம் நானா திரும்பி வந்தார். தோளில் வில் இல்லை. முகத்தைக் கண்டதும் லதீபா எழும்பி நின்றா.

"எல்லாத்தையும் சொன்னனான். வில்லு, பண்டி, ஏழு தரம், எல்லாம். கேட்டிட்டு, அப்பிடி ஒருத்தரைத் தாங்கள் கொண்டுவரேல்லை எண்டுறாங்கள்."

வாசலில் நின்றவன் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்துச் சிரித்தானாம். அம்புமுனைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போ என்றானாம். உரிமம் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததற்கு அவரை அங்கேயே பிடித்து அடைத்திருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். ஒரு வழக்கு இருக்கும், ஒரு புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும். சும்மா போ என்று விட்டார்கள் என்றதும் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. வழக்கே இல்லையென்றால் ஆளும் இல்லை என்றுதானே அர்த்தம்.

பிறகு போகாத இடமில்லை. வவுனியாவில் எத்தனை வாசல் உண்டோ அத்தனை வாசலிலும் நானும் நானாவும் லதீபாவும் நின்றோம். பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மதகடிக் குழியைக் கொங்கிறீட் போட்டு நிரப்பிவிட்டார்கள். அந்தப் போகம் பன்றி இரண்டு வயலையும் கிண்டிப் போட்டது. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

ஒருநாள் லதீபா படலையால் உள்ளே வந்து, முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சாமானை எடுத்தா. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. மூட்டுகளில் களி காய்ந்துபோய் இருந்தது. அதை என் மடியில் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தா.

"கழுவாமல் தந்திருந்தா நானே கழுவியிருப்பன், அக்கா."

அவளுடைய தலையில் கை வைக்கவேண்டும் என்றும் இருந்தது, தள்ளிவிடவேண்டும் என்றும் இருந்தது. எடுத்துக்கொண்டு போ, இது உங்கடை சாமான் என்றேன். லதீபா தலையாட்டினா. அவர் கழுவினது அவர் கையாலை தரத்தானே, அவர் வந்து தரட்டும் என்றா. கிடக்கட்டும் என்று அலுமாரிக்குள் வைத்தேன்.

இப்போதும் றோட்டில் வாகனம் வந்து நின்றால் நான் முதலில் அலுமாரியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டுதான் வாசலுக்குப் போகிறேன். என் மனுசனை எனக்குத் தெரியும். வந்து இறங்கினால் சாப்பாடு கேட்கமாட்டார், தண்ணீர் கேட்கமாட்டார். செருப்பைக் கழற்ற முன்னம், "அந்தச் சாமானைக் குடுத்திட்டியோ?" என்றுதான் கேட்பார்.